மாடித்தோட்டச் சங்க ஆண்டறிக்கை (கேமரா விவகாரம் உட்பட)

வந்திருப்பவர்களுக்கு வணக்கம். வராதவர்களுக்காக இதை வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன், அவர்கள்தானே அதிகம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன, ஒன்று மட்டும் மழையில் போயிற்று. ஆடியில் விதை கொடுத்தோம். மண்புழு உரப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. மிஞ்சிய போண்டாவை எங்கள் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

சரி, கேமரா. சங்கக் காசில் செயலாளர் விளையாடுகிறார் என்று பேச்சு அடிபடுவது எனக்கும் தெரியும். செடி நலமா இல்லையா என்று படத்தில் பார்க்க வாங்கியது ஒரு பழைய டிஜிட்டல் கேமரா. அதைப் பிரித்து, சென்சாருக்கு முன்னால் விரல் நகம் அளவுக்கு இருக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டேன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். பிறகு நாடக மேடை விளக்குக்குப் போடும் நீலத் தாளில் ஒரு துண்டை லென்ஸில் ஒட்டினால், சிவப்பு வெளிச்சம் நின்றுபோய் அந்த இடத்தில் அகச்சிவப்பு பதிவாகும். கொரோனாவில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தக் கருவி வேறு, அது சூட்டைப் பார்ப்பது. நாம் பார்ப்பது இலையில் பட்டுத் திரும்பும் வெயிலை. நல்ல இலை நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிட்டு, தன்மேல் விழும் அண்மை அகச்சிவப்பில் (சிவப்புக்கு அடுத்து இருப்பது, கேமராவில் பதிவாவதும் இதுதான்) கிட்டத்தட்ட பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். படத்தில் நீலத்தையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டுக் கணக்குப் போடுகிறோம், இந்த மாதிரிக் கணக்கைத்தான் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972-ல் பறந்த காலத்திலிருந்து விஞ்ஞானிகள் செய்கிறார்கள், அவர்கள் நீலத்துக்குப் பதில் சிவப்பை எடுப்பார்கள், அவ்வளவே வித்தியாசம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படம் இலவசம்தான், ஆனால் அதில் ஒரு புள்ளி 10 மீட்டர், நம் மாடி முழுக்க அதற்குள் அடங்கிவிடும்.

என் மாடியில் கத்தரி வரிசை கணக்குப் போட்ட படத்தில் வெளுப்பாக, அதாவது நலமாக வந்தது, மூன்றாவது பை மட்டும் மங்கல். கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. பையைத் தூக்கிப் பார்த்தால் அடி ஓட்டை அடைத்து, வேர் பழுப்பாகி நாற்றமடித்தது. அது வேரழுகல் என்று படம் சொல்லாது, எந்தப் பையைத் தூக்க வேண்டும் என்றுதான் சொல்லும். மேகம் வந்தால் அதையும் உருப்படியாகச் சொல்லாது, இரண்டு வாரம் அதிலேயே ஏமாந்தேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு குறைவு, காரணம் கேமரா இல்லை, சந்தா பாக்கி. இடம் தந்தவர்களுக்கும் டீ போட்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் மூங்கில் கம்பில் கட்டி எல்லார் மாடியையும் படம் பிடிக்க ஆசை, பேட்டரிதான் இல்லை. வேறு யாராவது செயலாளரானாலும் சந்தோஷமே, நீலத் தாளையும் சேர்த்துத் தருகிறேன். கூட்டம் முடிந்ததும் கேமரா மேசைமேல் இருக்கும், வந்து பாருங்கள். ரசீதுப் புத்தகமும் பக்கத்திலேயே இருக்கும்.