‘மன்மத லீலையை’ பாட்டின் வரலாற்றைத் திருத்தித் தாருங்கள்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
மண்ணடி, சென்னை – 600 001.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பழைய பாடல் பெட்டியில் ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டுக்குத் தவறான விவரமும் போலிப் பதிவும் தந்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அண்ணா சாலையில் உள்ள உங்கள் ஷோரூமில், பழைய பாட்டுகளை உள்ளே ஏற்றித் தரும் ஸ்பீக்கரான ‘பழைய பாடல் பெட்டி’ வாங்கினேன். பில் நகலை இணைத்திருக்கிறேன். அட்டையில் ‘அசல் ஒலிப்பதிவுகள், பாடல் பிறந்த கதையுடன்’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன். வெறும் ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும் என்றால் ரிச்சி தெருவில் இதைவிட மிகக் குறைந்த விலைக்கு எடுத்திருப்பேன்.

பெட்டி எண்பதைத் தாண்டிய என் அப்பாவுக்காக. அவர் முதலில் கேட்டது இந்தப் பாட்டைத்தான். பல்லவி முடிவதற்குள் “இது பாகவதர் இல்லையே, யாருடா பாடறது?” என்றார். உண்மைதான். யாரோ ஒருவர் கீபோர்டும் டிரம் பேடும் வைத்துப் பாடிய புதுப் பதிவு அது. சரணத்தின் பாதியிலேயே ஒலி தேய்ந்து அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

திரையில் ஓடும் விவரம் அதைவிட மோசம். படம்: மன்மத லீலை, 1976. இசை: எம்.எஸ்.விஸ்வநாதன். பாடல்: கண்ணதாசன். பாடியவர்: எம்.கே.தியாகராஜ பாகவதர்.

பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று காலமானார். அவர் 1976ஆம் ஆண்டுப் படத்தில் எப்படிப் பாடியிருக்க முடியும்? இந்த வரியைத் தட்டச்சு செய்தவர், சரிபார்த்தவர், பெட்டிக்குள் ஏற்றியவர் என்று எத்தனை பேர் கையைத் தாண்டி இது வந்திருக்கும்! ஒருவருக்குக்கூட நெருடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் பாட்டு பாகவதர் கதாநாயகனாக நடித்த ‘ஹரிதாஸ்’ படத்தில் வந்தது. 1944 தீபாவளிக்கு வெளியான படம். கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுத்தது, இயக்கியவர் சுந்தர் ராவ் நட்கர்னி. பாட்டை எழுதி மெட்டுப் போட்டவர் பாபநாசம் சிவன். வாத்திய இசையை அமைத்தவர் ஜி.ராமநாதன். நீங்கள் போட்டிருக்கும் படம் கே.பாலசந்தர் எடுத்தது, இதற்கு 32 வருஷம் பிந்தியது. எம்.எஸ்.வி.க்கும் கவியரசருக்கும் சொந்தமாகவே ஆயிரக்கணக்கில் பாட்டு இருக்கிறது. அடுத்தவர் பாட்டை அவர்கள் பேரில் எழுதுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை.

சிவனின் பேர் விட்டுப்போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளைப் பஜனை பாடிக்கொண்டே சுற்றிவந்தவர் அவர். தமிழ்த் தியாகையர் என்று ஊர் அவரைக் கொண்டாடியது, 1971இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. அப்படிப்பட்டவர், பெற்றோரை மறந்து ரம்பா என்ற தாசியின் வீட்டில் மயங்கிக் கிடக்கும் ஹரிதாஸுக்காக எழுதிய காதல் பாட்டு இது. அதே படத்தில், அவன் திருந்திய பிறகு வரும் ‘அன்னையும் தந்தையும் தானே’ பாட்டும் அவருடையதே. ஒரே படத்துக்குள் இரண்டு துருவத்தையும் தொட்டவர். அவர் வாழ்ந்த சென்னையிலேயே, சென்னை ஷோரூமில் விற்கிற பெட்டியில் அவர் பேர் இல்லை.

ராகம் சிந்துபைரவி என்று போட்டிருக்கிறீர்கள். அது சாருகேசி, 26ஆவது மேளகர்த்தா, அதாவது தாய் ராகம். ஸ்வர வரிசையில் கீழ்ப்பாதி சங்கராபரண ராகம், ‘ப’ என்கிற பஞ்சமத்தைத் தாண்டினால் தோடி ராகத்தின் தைவதமும் (த) நிஷாதமும் (நி) வந்துவிடும். துள்ளலாகத் தொடங்கி மேலே போகப் போக ஏங்க வைக்கிற ராகம். முகம் திருப்பிக்கொண்டவளிடம் கெஞ்சுகிற பாட்டுக்கு அதை எடுத்ததுதான் சிவனின் மேதைமை. கச்சேரி பக்கமே போகாதவர்கள் காதிலும் சாருகேசியைக் கொண்டு சேர்த்தது இந்தப் பாட்டு. உங்கள் பதிவில் தைவதம் அசையாமல் கட்டையாக நிற்கிறது. கமகம் என்கிற ஸ்வர அசைவு இல்லாமல் அங்கே ராகமே காணாமல் போகிறது.

இனி ‘பாடல் பிறந்த கதை’ என்ற பேரில் ஒரு பெண் குரல் சொல்வது: “சிறையிலிருந்து விடுதலையான பாகவதர் மீண்டும் புகழ் பெறப் பாடிய பாடல்.” நடந்தது தலைகீழ். சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டது 1944 நவம்பரில். படம் அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள், ஆயுள் தண்டனை ஆயிற்று. அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில்தான் விடுதலை. இதற்கிடையில் பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் 1944, 1945, 1946 என்று மூன்று தீபாவளியைப் பார்த்துவிட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் தாத்தா ஷிஃப்ட் முடிந்து நேராக அங்கே போய்விடுவாராம். இந்தப் பாட்டில் ரம்பாவாக நடித்த டி.ஆர்.ராஜகுமாரி காற்றில் முத்தம் பறக்கவிடும் இடத்துக்குத் தியேட்டரே விசிலடிக்கும் என்பார். பாடியவரோ பெரும்பாலான நாள் கம்பிக்குப் பின்னால். விடுதலைக்குப் பிறகு 1948இல் வந்த ‘ராஜமுக்தி’யால் பழைய இடத்தைப் பிடிக்க முடியவில்லை. இந்தப் பாட்டின் வரலாற்றில் நெஞ்சைப் பிசைகிற இடமே இதுதான். அதைத்தான் நீங்கள் மாற்றிச் சொல்கிறீர்கள்.

யுத்தகாலத்தில் ஃபிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்த நெருக்கடியிலும் ஹரிதாஸில் நிறையப் பாட்டுக்கு இடம் கொடுத்து எடுத்தார்கள். உங்கள் பெட்டியில் இடத்துக்கு என்ன பஞ்சம், சரணத்தைப் பாதியில் வெட்ட?

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் “டேட்டா வெளியிலிருந்து வருது சார், எங்க கையில் இல்லை” என்றார். அட்டையில் இருப்பது உங்கள் பேர், பணம் வாங்கியதும் நீங்கள்தான். என் பேத்தி பள்ளி புராஜெக்டுக்கு இந்தப் பெட்டியைப் பார்த்து ‘1976’ என்று எழுதிக்கொண்டு போனாள். அதற்கு யார் பொறுப்பு?

பாகவதர் பாடிய அசல் பதிவை முழுதாக ஏற்றுங்கள். படம், ஆண்டு, எழுதியவர், இசை, ராகம் எல்லாவற்றையும் திருத்துங்கள். அந்தக் கதையை நீக்கிவிட்டு, விஷயம் தெரிந்தவரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். பெட்டி வைஃபையில் அப்டேட் ஆகிறது, ஆகவே எனக்கு மட்டும் மாற்றித் தந்தால் போதாது, வாங்கிய எல்லோருக்கும் திருத்தம் போய்ச் சேர வேண்டும். இந்த ஒரு பாட்டிலேயே இத்தனை தவறு என்றால், 1950க்கு முந்தைய மற்றப் பாட்டுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். திருத்த இயலாது என்றால் பெட்டியைத் திரும்பப் பெற்று முழுத் தொகையையும் தாருங்கள். இரண்டும் நடக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அட்டையில் ‘அசல்’ என்று போட்டு வேறு பதிவை விற்றதுதான் என் முதல் குற்றச்சாட்டாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: பில் நகல், பெட்டி அட்டையின் புகைப்படம், திரையில் ஓடும் விவரத்தின் புகைப்படம்.