'எம் கே செமி கே ஹெச்'

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையவழிப் படிப்பு கிராமத்து வீடுகள் வரை வந்துவிட்டதைப் பாராட்டிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. வந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் சொல்லச் சொல்லக் கேட்டு, மடிக்கணினியை எங்களைவிட வேகமாகக் கையாளுவாள். போன வருடம் இணையவழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தாள். முதல் பாடத்தைத் திறந்தால் கணினி வாயே திறக்கவில்லை. புத்தகத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றியிருக்கிறார்கள்; உள்ளே எழுத்தே கிடையாது, வெறும் படம். முறையிட்டோம். சரி என்று வேர்டு கோப்பு அனுப்பினார்கள். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது; ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டுவது அது. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிவது, கணினிக்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். 'எம் கே செமி கே ஹெச்' என்று அது ஒப்பித்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் மூடி வைத்துவிட்டாள்.

தமிழ் எழுத்தை எந்தக் கணினியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோடு. தமிழக அரசு 2010-லேயே அதை ஏற்று ஆணை போட்டாயிற்று. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து பிழை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் செலவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதைச் சலுகையாகச் சொல்லவில்லை. மின்னணு வடிவில் வரும் எதுவும் அவர்கள் பயன்படுத்தும்படி இருக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது அதன் 42-ஆம் பிரிவு.

காணொளிப் பாடம் இன்னொரு கூத்து. செய்யுள் இலக்கணமான யாப்பு நடத்தும் ஆசிரியர் நல்லவர்தான். ஆனால் "இந்தச் சீரையும் அடுத்த சீரையும் பாருங்கள், தளை தெரிகிறதா?" என்று பலகையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்த இரண்டு சீரையும் வாய்விட்டுச் சொன்னால் இவளுக்குப் போதும். காது கேளாத பிள்ளைக்கோ அவர் பேச்சு திரையில் எழுத்தாக ஓட வேண்டும், அதுவும் இல்லை. பாடம் தயாரிக்கும்போதே இப்படிப்பட்ட மாணவர் இரண்டு பேரைக் கூப்பிட்டு ஓட்டிக் காட்டியிருந்தால் முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கும்.

இப்போது அக்கா மில் வேலை முடிந்து வந்து இரவில் பாடத்தை வாசிக்கிறாள், மகள் செல்போனில் பதிவு செய்துகொள்கிறாள். பருவத் தேர்வுக்குள் இன்னும் நாலு பாடம் பாக்கி.

– வாசகர், ராஜபாளையம்