சின்னக் குழிக்குள் ஊற்றினால் அது அதே திரவம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எச்.எஸ்.சி. என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் பேசுவது கிரியோல்தான், ஆனாலும் உங்கள் இதழ் வந்தால் அம்மாவும் நானும் ஒரு பக்கம் விடாமல் படித்துவிடுவோம். போன இதழில் டிவி திரை பற்றிய கட்டுரையில், திரவப் படிகத்தை எவ்வளவு சின்ன இடத்தில் ஊற்றினாலும் அதன் குணம் மாறாது, கணிதம் இதில் அளவு பார்க்க மட்டும்தான் என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. அவை தவறு. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

திரவப் படிகத்தை முதலில் கவனித்தவர் தாவரவியலாளர் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர். 1888இல் அவர் கையிலிருந்த ஒரு கொலஸ்டிரால் சேர்மம் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். கோல் போன்ற மூலக்கூறுகள் திரவமாக ஓடும், ஆனால் பக்கத்துக் கோல்கள் பார்க்கும் திசையையே பார்த்து நிற்கும். அந்த ஒழுங்கு விரிந்தாலும் முறுக்கினாலும் வளைந்தாலும் ஆற்றல் செலவாகும். இந்த மூன்றுக்கும் மூன்று மாறிலிகள் வைத்து 1958இல் இயற்பியலாளர் ஃப்ராங்க் ஒரு சூத்திரம் எழுதினார். எந்த அமைப்பில் மொத்த ஆற்றல் மிகக் குறைவோ அதில் போய்த் திரவம் அமரப் பார்க்கும். இதிலிருந்து கணக்குத் தொடங்குகிறது.

பெரிய பாத்திரத்தில் சுவர் எங்கோ இருக்கும், நடுவில் இருக்கும் கோலுக்கு அது பொருட்டே இல்லை. சின்ன இடத்தில் அப்படியில்லை, சுவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். திரையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பது சில மைக்ரோமீட்டர் இடைவெளிதான். அதைப் பாதியாக்கினால், மின்னழுத்தத்தை நிறுத்திய பிறகு கோல்கள் பழைய இடத்துக்குத் திரும்பும் நேரம் கால்வாசியாகிவிடும், ஏனென்றால் அது இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆனால் கோல்களை அசைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் மட்டும் இடைவெளியைப் பொறுத்ததே இல்லை! தேவையான மின்புலம் இடைவெளிக்குத் தலைகீழ் விகிதத்தில் கூடுகிறது, மின்புலம் என்பதே மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்ததுதான், அதனால் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. இந்த வரியைப் போர்டில் எழுதும்போது இன்றைக்கும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது சதுரக் குழி. சில பத்து மைக்ரோமீட்டர் அகலக் குழிகளில் திரவப் படிகத்தை நிரப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. கோல்கள் சுவரை ஒட்டிப் படுக்க வேண்டும் என்பது நிபந்தனை. சரி, மூலையில் என்ன செய்யும்? அங்கே இரண்டு சுவர்கள் இரண்டு திசையில் இழுக்கின்றன. ஒன்று, மூலையிலிருந்து விசிறி போல் விரியும், அல்லது தெருமுனையில் திரும்புவது போல் வளைந்து போகும். நடுவில் எங்கும் ஒழுங்கு உடையாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு மூலைகள் விரிய வேண்டும், இரண்டு வளைய வேண்டும். நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள், டியூஷனில் பிள்ளைகள் தினமும் போடும் அதே சேர்மானக் கணக்கு. விரியும் மூலைகள் எதிரெதிரே இருந்தால் கோல்கள் மூலைவிட்டத்தோடு படுக்கும், அப்படி இரண்டு அமைப்புகள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போவதற்குள் அரைச்சுற்றுத் திரும்பியிருக்கும், அப்படி நான்கு. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் நிலையாக நிற்பதால், மின்சாரம் இல்லாமலே படத்தைப் பிடித்து வைக்கும் திரைக்கு வழி கிடைக்கிறது.

அப்புறம் அதே குழியை நானோமீட்டர் கணக்குக்குச் சுருக்கினால் இந்த ஆறும் மறைந்துவிடும் என்று 2014இல் ஆய்வாளர்கள் கிரால்ஜும் அபலா மஜும்தாரும் கணித மாதிரியில் காட்டினார்கள். மிஞ்சுவது ஒரே அமைப்பு: இரண்டு மூலைவிட்டங்களும் சேர்ந்து பெருக்கல் குறி போல் குழியை நான்காகப் பிரிக்கும், ஒவ்வொரு பாகத்திலும் கோல்கள் தன் சுவரோடு படுக்கும், அந்தப் பெருக்கல் குறியின் மேல் மட்டும் ஒழுங்கு கரைந்துபோகும். அதே திரவம், அதே சதுரம், அளவு மட்டும்தான் மாறியது. இதற்குப் பிறகும் குணம் மாறாது என்று எப்படி எழுத முடியும்?

குழிக்குப் பதில் உருண்டைத் துளி என்றால், மேற்பரப்பை ஒட்டிப் படுக்கும் கோல்கள் சுழி இல்லாமல் அதை மூடவே முடியாது. மொட்டை போட்ட குழந்தையின் தலையில் சுழியைத் தேடிப் பார்ப்போமே, அதே மாதிரி. துளியில் பெரும்பாலும் இரண்டு துருவங்களில் ஆளுக்கொரு சுழி விழும். இதற்கு அடிப்படையான தேற்றத்தை கணித மேதை புவான்கரே 1885இலேயே நிறுவிவிட்டார், ரைனிட்சர் தன் கலங்கலைப் பார்ப்பதற்கு மூன்று வருடம் முன்னால். கணிதம் அளவு பார்க்க வந்தது என்று சொன்னதில்தான் எனக்கு அதிக வருத்தம்.

கட்டுரையாளரைக் குறை சொல்ல எழுதவில்லை. திரையின் விளக்கையும் வடிகட்டியையும் அவர் சொன்ன விதம் நன்றாகவே இருந்தது, என் மாணவர்களுக்குப் படித்தும் காட்டினேன். அடுத்த பகுதி வருவதானால் சதுரக் குழியின் ஆறு அமைப்புகளையும் படமாகப் போடுங்கள். என் வகுப்பில் இரண்டு பெண்கள் சேமியாவை ஒடித்து அட்டையில் ஒட்டி ஆறையும் செய்திருக்கிறார்கள், வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்