பின்னி வீட்டுக் கணக்கு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய். அதற்காக மாடிப்படியில் வீரம் காட்டாதே. இங்கே இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகரத்து மகள் வீட்டில் வெயிலைத் தவிர எனக்கு எந்தக் குறையும் இல்லை.

போன சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கப் போய் ஒரு வீட்டை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிட்டேன். 1790 வாக்கில் ஜான் பின்னி என்பவர் கட்டிய வீடு, இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் கிடையாது. கரீபியக் கடலில் நெவிஸ் என்ற சின்னஞ்சிறு தீவில் மவுண்ட்ராவர்ஸ் என்ற கரும்புத் தோட்டம் அவருக்கு உறவுவழியில் வந்தது. அந்தக் குடும்பத்தில் முதலில் அங்கே போன அஸரையா பின்னி, 1685இல் அரசருக்கு எதிரான கலகத்தில் சேர்ந்ததற்காக நாடுகடத்தப்பட்டவர். தண்டனையாகப் போன இடத்தில் வம்சம் பணக்காரராகிவிட்டது.

நீ முப்பது வருடம் பேரேடு எழுதியவன், உனக்கு இந்த ஜான் பின்னியைப் பிடித்துப்போயிருக்கும். எழுதிய கடிதத்துக்கெல்லாம் நகல் எடுத்து வைத்திருக்கிறார். மகன்கள் டார்செட் மாவட்டத்தில் இருந்த குடும்ப வீட்டைக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு வாடகை வாங்காமல் விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு அது ரசிக்கவில்லை.

1765இல் பக்கத்துத் தீவில் ஒன்பது அடிமைகளை வாங்கியதையும் அதே ஒழுங்கோடு எழுதியிருக்கிறார். மனித உடல்களை விற்பனைக்கு வைத்திருந்ததை முதன்முதலில் பார்த்தபோது அதிர்ந்துபோனாராம். அடுத்த வாக்கியத்திலேயே, நம் உபயோகத்துக்காகத்தான் கடவுள் இவர்களைப் படைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது அடையாளம் காட்டியிருப்பாரே என்கிறார். வரவு பக்கத்தில் கடவுளையே எழுதிவிட்டார், பார்த்தாயா!

அடித்தளத்தில் கல்லால் கட்டிய ஒரு குளியல் தொட்டி இருக்கிறது. படியிறங்கிக் குளிர்ந்த நீரில் மூழ்குவதற்காக. உடம்புக்கு நல்லதாம். எட்டிப் பார்த்தபோதே எனக்கு நடுங்கியது. மாடியில் பெரோவின் கதை இருக்கிறது. 12 வயதில் இரண்டு தங்கைகளோடு வாங்கப்பட்டவர். 1783இல் பின்னியோடு இங்கே வந்து, அவருடைய அந்தரங்கப் பணியாளாகவே இருந்து 1798இல் இறந்தார். கடைசிவரை விடுதலை தரவில்லை.

அவரோடு வந்த ஃபேனி கோக்கருக்குக் கிடைத்தது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, தையல் கற்றவள். 1778இல் பதினோரு வயதுச் சிறுமியாக இருந்தபோதே விடுவித்துவிட்டார்கள். அவளைப் பெற்ற பிளாக் பாலி மட்டும் அடிமையாகவே நெவிஸில் நின்றுவிட்டாள். எனக்கு அந்த இடத்தில்தான் கால் நகரவில்லை. பிள்ளை சம்பளக்காரி, தாய் சொத்துக் கணக்கில், முதலாளி ஒருவரே. 1808இல் பின்னி தோட்டத்தை எட்வர்ட் ஹக்கின்ஸ் என்பவருக்கு விற்றார். இரண்டே வருடத்தில் அந்த ஹக்கின்ஸ், ஊர்ச் சந்தையில் வைத்துத் தன் அடிமைகளைச் சவுக்கால் அடிக்கச் செய்தார். வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார்.

துறைமுகத்தில் ஒரு நடைபாலத்துக்கு 1999இல் பெரோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதன் வழியாகத்தான் திரும்பினோம். காதலர்கள் கம்பியெல்லாம் பூட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். "பெரோ யார் தாத்தா?" என்றான் பேரன். ஒரு வீட்டில் வேலை பார்த்தவர் என்றேன். "அப்புறம் அவங்க வீட்டுக்குப் போய்ட்டாரா?" என்று கேட்டான்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி ஊருக்கு வருகிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்