புள்ளியைக் குறையுங்கள், ஆனால் நேரத்துக்குக் குறையுங்கள்

இங்கிலாந்து கால்பந்து பிரீமியர் லீக் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பெங்களூரு அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்திலிருந்து எழுதுகிறேன். நிதி விதியை மீறும் கிளப்புகளுக்கு நீங்கள் புள்ளி குறைக்கும் விதம் பற்றித்தான் இந்தக் கடிதம். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறோம். "அங்கே உட்கார்ந்துகொண்டு எங்கள் கணக்கு வழக்கைக் கேட்க நீ யார்?" என்று நீங்கள் கேட்கலாம். 2022ல் தொடங்கிய ஒளிபரப்பு ஒப்பந்தங்களில் உங்கள் வெளிநாட்டு வருமானம் உள்நாட்டு வருமானத்தை முந்திவிட்டது. அதில் எங்கள் வீட்டுச் சந்தாவும் சேர்த்தி. கேட்க அது போதும்.

நான் செல்சி ரசிகன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் செல்சியைத் திட்டும்போது வேறு கிளப்காரனின் வயிற்றெரிச்சல் என்று நினைப்பீர்கள்.

நிதி விதிகளே வேண்டாம் என்று எங்களில் ஒரு கூட்டம் உண்டு. "ஓனர் காசு, ஓனர் செலவு பண்றான், உனக்கென்னடா?" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1885ல் தொடங்கிய பரி கிளப், 2019 வசந்தத்தில் மேல் டிவிஷனுக்குத் தேறியது. அதே ஆகஸ்டில் பணமில்லாமல் லீகை விட்டே நீக்கப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஆகஸ்டில் நம் நாட்டு ஐஎஸ்எல் கால்பந்து லீக் நடக்குமா நடக்காதா என்று தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்சி தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. அது ஊதாரித்தனத்தால் வந்த வினை அல்ல, காரணம் வேறு. ஆனால் ஒரு கிளப்பின் மூச்சு ஓனரின் பையில்தான் இருக்கிறது என்பதை இந்த ஊர் ரசிகனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே விதி வேண்டும், மீறினால் தண்டனையும் வேண்டும். தண்டனையை நீங்கள் கொடுக்கும் விதம்தான் என் சண்டை.

எவர்டனை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் அனுமதி, அவர்கள் 12.45 கோடி. 1.95 கோடி அதிகம். 2023 நவம்பர் 17 அன்று 10 புள்ளி போனது. ஒன்பது நாள் கழித்து குடிசன் பார்க்கில் மான்செஸ்டர் யுனைடெட் மேட்ச், நமக்கு ஞாயிறு ராத்திரி பத்து மணி. உங்கள் சின்னத்தையும் 'ஊழல்' என்ற சொல்லையும் அச்சடித்த அட்டைகளை அரங்கம் முழுக்கத் தூக்கிப் பிடித்தார்கள். உங்கள் லீக் கீதத்துக்கு எழுந்த கூச்சல் டிவியிலேயே காதைப் பிளந்தது. மூன்றாவது நிமிடம் யுனைடெட்டின் கர்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து அடித்த அந்த கோல் மட்டும் விழாமல் இருந்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்குமோ!

அப்புறம் பிப்ரவரியில் மேல்முறையீட்டில் 10 என்பது 6 ஆனது. ஏப்ரல் 8 அன்று வேறொரு கணக்குக்காக இன்னும் 2 போனது. ஆக ஒரே பருவத்தில் எவர்டனின் புள்ளிப்பட்டியல் மூன்று தடவை ஆபீஸில் மாறியிருக்கிறது. 10 ஏன், 6 ஏன் என்று பார்த்தால், உங்களுக்குக் கீழே உள்ள டிவிஷன்களை நடத்தும் இஎஃப்எல்லிடம் எவ்வளவு மீறினால் எத்தனை புள்ளி என்று அட்டவணையே இருந்தது. உங்களிடம் அப்போது இல்லை. தண்டனையைக் கமிஷன்தான் வழக்குக்கு வழக்கு யோசித்து முடிவு செய்தது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை இன்னொரு விதம். மூன்றில் இரண்டு வருடம் கீழ் டிவிஷனில் இருந்ததால் அவர்களுக்கு வரம்பு 6.1 கோடி, தாண்டியது 3.45 கோடி. தங்கள் வீரர் பிரென்னன் ஜான்சனை, கணக்கு வருடம் முடியும் ஜூன் 30க்குள் விற்றிருந்தால் தப்பித்திருக்கலாம். நல்ல விலைக்காகக் காத்திருந்து செப்டம்பர் 1 அன்று டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடிக்கு விற்றார்கள். விலை கூடக் கிடைத்தது, தேதி தவறியது, 2024 மார்ச்சில் 4 புள்ளி போனது. ஒழுங்காகப் பேரம் பேசியதற்குத் தண்டனையா என்று இங்கே இரண்டு ராத்திரி சண்டை நடந்தது. தேதி என்றால் தேதிதான் என்பது என் கட்சி.

அப்படியானால் உங்கள் தேதியைப் பார்க்கலாமா? அந்தப் பருவத்தின் கடைசி மேட்ச் மே 19. மேல்முறையீடுகளை முடிக்க நீங்கள் குறித்த கெடு மே 24. எல்லா மேட்சும் முடிந்து ஐந்து நாள் ஆன பிறகு, யார் கீழ் டிவிஷனுக்கு இறங்குவது என்பது வக்கீல்கள் வாயால் முடிவாகியிருக்கும்! நல்ல வேளையாக ஃபாரஸ்ட்டின் முறையீடு முன்னதாகவே தள்ளுபடியானது, எவர்டன் தன் முறையீட்டை வாபஸ் வாங்கியது. பதினெட்டாம் இடத்தில் இருந்த லூட்டன் 26 புள்ளியோடு இறங்கியது. பதினேழாம் இடத்தில் தப்பிய ஃபாரஸ்ட்டுக்கு 32. ஆறு புள்ளி இடைவெளி இருந்ததால் மானம் தப்பியது. இடைவெளி ஒரே புள்ளி என்றால் லூட்டன்காரனுக்கு என்ன பதில் வைத்திருந்தீர்கள்?

எங்கள் மைதானத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் டோர்னமென்ட் நடக்கும்போது வெளியாளை வேறு பெயரில் இறக்கிவிட்டார்கள் என்று புகார் வரும். எதிரணி மேனேஜர் ஒரு தாளில் எழுதி, டெபாசிட் பணத்தோடு கமிட்டி மேசையில் வைப்பார். கமிட்டி பையனைக் கூப்பிட்டு ஆதாரைப் பார்க்கும். புகார் பொய்யென்றால் டெபாசிட் காலி. அடுத்த ரவுண்டுக்கு விசில் ஊதுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும், ஏனென்றால் அந்த ரவுண்டில் யார் ஆடுவது என்பதே அதில்தான் இருக்கிறது. உங்கள் கணக்குப் புத்தகம் அதைவிடப் பெரியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக இப்படியா? நிதி விதிகளை மீறியதாக மான்செஸ்டர் சிட்டி மீது நீங்கள் குற்றம் சாட்டியது 2023 பிப்ரவரி. விசாரணை தொடங்கியதே 2024 செப்டம்பர். நடுவில் அவர்கள் இரண்டு தடவை லீகை வென்றுவிட்டார்கள். எல்லாவற்றையும் மறுக்கும் சிட்டி தப்பு செய்ததா இல்லையா என்பது என் பேச்சல்ல. நிரபராதி என்றால் அத்தனை நாள் கெட்ட பெயர் அவர்களுக்கு அநியாயம். குற்றவாளி என்றால் இரண்டாவதாக வந்தவனுக்கு அநியாயம்.

சரி, புள்ளி ரசிகனைத்தான் அடிக்கிறது, பேசாமல் அபராதம் போடலாமே என்பார்கள். இங்கேதான் எங்கள் கிளப் வருகிறது. 2025 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபா செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வாரம் அதைவிட ரொம்ப அதிக விலைக்கு ஜோவா பெட்ரோவை வாங்கினோம். எங்களில் எவனுக்காவது வலித்ததா? போட்ட அன்றே மறந்துவிட்டோம். எவர்டன்காரன் அந்தப் பத்துப் புள்ளியை இன்னும் மறக்கவில்லை.

இன்னொன்று, எங்கள் அரங்கமான ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜில் இருந்த இரண்டு ஹோட்டல்களை எங்கள் கிளப் 7.65 கோடி பவுண்டுக்குத் தன் குழுமத்தைச் சேர்ந்த கம்பெனிக்கே விற்றது. பெண்கள் அணியைச் சுமார் 20 கோடிக்குத் தாய் நிறுவனத்துக்கு விற்றது. வலது பையிலிருந்து இடது பைக்கு. யூஎஃபா அந்த லாபத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, நீங்கள் சேர்த்தீர்கள். ஓட்டையை அடைக்க 2024 ஜூனில் வைத்த தீர்மானத்துக்கு உங்கள் கிளப்புகளிடமே போதுமான ஓட்டு விழவில்லை. ஓட்டுப் போடாதவர்களும் என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

ஹோட்டல் இல்லாத கிளப் என்ன செய்யும்? வீட்டுப் பிள்ளையை விற்கும். வெளியிலிருந்து வாங்கிய ஆளின் விலையை ஒப்பந்த வருடங்களில் பிரித்துக் கழிப்பதால், விற்கும்போது மிச்ச விலை போகத்தான் லாபம். அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலையே இல்லை, வருவதெல்லாம் லாபம். அதனால்தான் 2024 ஜூன் கடைசியில் நியூகாசில், அந்த வட்டாரத்திலேயே பிறந்த எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்ட்டுக்கு விட்டுக்கொடுத்தது. எங்கள் கானர் கேலகரும் அந்தக் கோடையில்தான் அட்லெடிகோ மாட்ரிட்டுக்குப் போனார். தெருப் பையன் பெரிய மைதானத்தில் இறங்குவதைப் பார்க்கத்தான் கௌதமபுரத்தில் பந்தையே உதைக்கிறார்கள். அவனையே முதலில் விற்க வைக்கும் கணக்கு எந்த ஊர் நியாயம்?

2025 நவம்பரில் ஓட்டெடுத்து, 2026-27 முதல் அணிச் செலவு வருமானத்தில் 85 சதவீதம் என்று மாற்றியிருக்கிறீர்கள். கொஞ்சம் தாண்டினால் பணம், ரொம்பத் தாண்டினால் புள்ளி, எத்தனை என்பதும் முன்கூட்டியே எழுதியாயிற்று. நல்லது, அட்டவணை வந்துவிட்டது. ஆனால் அந்த 'கொஞ்சம்' பணக்காரக் கிளப்புக்குக் கட்டண ரசீது மாதிரிதான். இரண்டாவது தடவையும் கொஞ்சம் தாண்டினால் புள்ளி என்று சேருங்கள். மார்ச் 31க்குள் மேல்முறையீடு உட்பட எல்லாம் முடிய வேண்டும், முடியாவிட்டால் அடுத்த பருவத்தை அந்தக் கிளப் மைனஸில் தொடங்கட்டும் என்றும் சேருங்கள். ஆகஸ்டில் முதல் மேட்சுக்கு முன் இதை ஓட்டுக்கு விடுவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
கௌதமபுரத்து ரசிகர்களில் ஒருவன்,
பெங்களூரு