கேஸ் எங்கே போனது என்று கேள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கார் ஏ.சி.யில் கேஸ் நிற்காதது பற்றி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் கிரில்லுக்குப் பின்னால், ஏ.சி. கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் இடப்பக்கக் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் புழுதி கறுத்து அப்பியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்த மண், அங்கே மட்டும் பிசுபிசுப்பு. கேஸ் தனியாகக் கசிவதில்லை. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸருக்காகத் தன்னோடு சுற்றிவரும் எண்ணெயையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் வெளியேறும். அந்த எண்ணெயில் புழுதி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கண்டென்சரை மாற்ற வேண்டும் என்று இப்போதைய மெக்கானிக் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. மாப்பிள்ளை சந்தேகப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். படத்தை அவருக்கும் காட்டு.

என் கோபமெல்லாம் முன்பு பார்த்த கடைக்காரர் மேல்தான். சென்ற கோடையிலும், பிறகு தீபாவளிக்கு முன்பும், "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லி நிரப்பி அனுப்பினார். தீர்வதற்கு அது என்ன பெட்ரோலா? நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஓடுகிறது, அதில் யாராவது கேஸ் நிரப்பி நீ பார்த்திருக்கிறாயா? காரில் ரப்பர் குழாய்களும் கம்ப்ரஸர் தண்டில் சீலும் இருப்பதால் பல வருடங்களில் சிறிது குறைவது இயல்பு. ஆறு மாதத்தில் காலியாவது இயல்பில்லை. அப்போதே "போன கேஸ் எங்கே போனது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டாவது செலவு மிச்சமாகியிருக்கும். காசு ஒரு பக்கம். கார் ஏ.சி.களில் பரவலாக இருக்கும் ஆர்134ஏ என்கிற கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில், சுமார் 1,430 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். அதற்கு முன்பிருந்த ஆர்12 ஓசோன் படலத்தைத் தின்றது. 1987-இல் மான்ட்ரியலில் நாடுகள் கூடிக் கையெழுத்திட்டு, அதைப் படிப்படியாக விலக்கினார்கள். 2016-இல் கிகாலியில் கூடி ஆர்134ஏ போன்றவற்றையும் குறைப்பதென்று முடிவெடுத்தார்கள். உலகமே உட்கார்ந்து பேசிய சரக்கை நம் ஊரில் தெருவோரம் வால்வை அழுத்தி உஸ்ஸென்று திறந்துவிடுகிறார்கள். உன் வண்டியில் மிச்சமிருப்பதை இயந்திரத்தில் இழுத்துச் சேமிக்கும் கடையாகப் பார்.

கண்டென்சர் ஏன் ஓட்டையானது என்று கேட்டிருந்தாய். ரேடியேட்டருக்கும் முன்னால் நின்று எதிர்க்காற்றை முதலில் வாங்குவது அதுதான். கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கி அனுப்பும் கேஸ் அதற்குள் நுழைந்து, வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. சென்னை மே மாத வெயிலில் அந்தப் பக்கத்து அழுத்தம் 200 பிஎஸ்ஐயைத் தாண்டும். உன் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம்தான். இத்தனை அழுத்தத்தையும் தாங்குவது மெல்லிய அலுமினியத் தகட்டுக் குழாய். கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிப்பர் லாரிக்குப் பின்னால் போனால் ஜல்லி தெறிக்கும். திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, மூடாத இடத்தில் நிறுத்தினால் உப்புக்காற்று அரிக்கும். இரண்டுமே உனக்கு வாய்த்திருக்கிறது.

ஓட்டையைப் பற்றவைத்து அடைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. செப்புக்குழாய்க் கண்டென்சர்கள் வந்த நாளில் நானே வெள்ளி கலந்த கம்பியால் பற்றவைத்து ஓட்டியிருக்கிறேன். இப்போதைய தட்டைக் குழாயின் உள்ளே நுண்ணிய தடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றை அடைக்கப் போய் நாலு அடைபடும். அதே காரணத்தால்தான் கம்ப்ரஸர் தேய்ந்து உலோகத் தூள் கொட்டிய வண்டியிலும் கண்டென்சரைக் கழுவிப் போடுவது வீண் வேலை. உன் கம்ப்ரஸர் சத்தம் போடவில்லை என்கிறாய், நல்லது.

பம்பரைக் கழற்றுமுன் ஒரு சோதனை செய்யச் சொல். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவ வேண்டும். கண்டென்சரில் மட்டுமில்லை, குழாய் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பகுதி, கேஸ் ஏற்றும் வால்வுகள் எல்லாவற்றிலும். நீ பக்கத்தில் குனிந்து பார். பெரிய ஓட்டை என்றால் உடனே குமிழி பொங்கும். கல் குத்திய நுண்துளையில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் மிகச் சிறிய வெண்குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கொத்தாக நிற்கும். துடைத்துவிட்டால் அதே இடத்தில் மறுபடி கட்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு செலவுக்குச் சம்மதி. நைட்ரஜன் இல்லை, ஆக்ஸிஜன் உருளைதான் இருக்கிறது என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடு. எண்ணெயோடு ஆக்ஸிஜன் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும்.

புதிய கண்டென்சரின் இரு வாய்களிலும் பிளாஸ்டிக் மூடி இருக்கும். பொருத்தும் நிமிடம் வரை அதைத் திறக்கக்கூடாது. உள்ளே ஊற்றும் பிஏஜி என்கிற கம்ப்ரஸர் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிப்பது. உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பழைய கண்டென்சரோடு போன எண்ணெய்க்கு ஈடாகப் புதியதில் கொஞ்சம் ஊற்ற வேண்டும், பெரும்பாலும் 30 மில்லி அளவில் வரும். ஆனாலும் வண்டிக் கையேடு சொல்வதே கணக்கு. இணைப்புகளில் போடும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் புதிதாக இருக்க வேண்டும், அதே எண்ணெயில் நனைத்துப் போட வேண்டும். கேஸிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் டிரையரும் புதிதாக வேண்டும். உன் வண்டியில் அது கண்டென்சரின் ஓரத்திலேயே சேர்ந்து வருகிறது என்று நினைக்கிறேன். பெட்டியைத் திறக்கும்போது உறுதி செய்துகொள். தனியாக இருந்தால் "பழையது நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள் ஏற்கெனவே நிறைந்துபோயிருக்கும். அந்தச் சிறு காசை மிச்சம் பிடிக்காதே.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் ஓரங்களில் கறுப்பு நுரைப்பட்டை ஒட்டியிருக்கும். கழற்றும்போது கிழியும், குப்பைக்குப் போகும். அது இல்லாவிட்டால் ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று ஓரமாகச் சுற்றி முன்பக்கம் வந்து மறுபடி கண்டென்சருக்குள் நுழையும். வண்டி ஓடும்போது குளிர்ச்சி இருக்கும், மத்திய கைலாஷ் சிக்னலில் நின்றால் வெந்நீர் வீசும். வாடிக்கையாளர் திரும்பி வருவார், கடைக்காரர் இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றுவார். நிற்கும்போது மட்டும் குளிர்ச்சி குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஃபேன், அடுத்து இந்தப் பட்டை.

எல்லாம் பூட்டியபின் வேக்யூம், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுப்பது. இங்கேதான் நீ நிற்க வேண்டும். "அப்பா, எனக்கு ஏது நேரம்" என்பாய், தெரியும். குறைந்தது அரை மணி நேரம் பம்பு ஓட வேண்டும். அழுத்தம் அத்தனை இறங்கும்போது உள்ளே ஒட்டிய ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். பிறகு பம்பை நிறுத்தி, வால்வை மூடி, கேஜ் முள்ளைப் பத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் கேஸ் ஏற்றலாம். ஏறினால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது. அவசரக்காரர்கள் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். மிஞ்சிய ஈரம், திரவத்தைச் சிறு துளை வழியே விட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயைக் கெடுக்கும், உள்ளே வீசும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலை அரிக்கும். கூலிங் காயில் போனால் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவோடு பார்த்தால் நீ நிற்கும் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. வேண்டுமானால் மடிக்கணினியைக் கொண்டுபோய் அங்கேயே வேலை செய்.

கேஸை எடைபோட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்பக்கத்தில் எத்தனை கிராம், என்ன கேஸ் என்று ஒட்டியிருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள். கேஜைப் பார்த்தே ஏற்றுவேன் என்பவருக்கு அனுபவம் இருக்கலாம், ஆனால் இத்தனை சிறிய அமைப்பில் ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். விலை குறைவு என்று சமையல் எரிவாயு வகையைச் சேர்ந்த கலவைகளும் சந்தையில் உண்டு. குளிர்ச்சி நன்றாகவே இருக்கும், தீப்பிடிக்கும் சரக்கு என்பதுதான் சிக்கல். பேரன் உட்காரும் வண்டி அது.

மாப்பிள்ளை மின்சாரக் கார் பார்ப்பதாக உன் அம்மா சொன்னாள். வாங்கினால் அதன் ஏ.சி.யில் தெருக் கடைக்காரரைக் கை வைக்க விடாதீர்கள். அந்தக் கம்ப்ரஸருக்குள்ளேயே உயர் மின்னழுத்த மோட்டார் இருக்கிறது, பெரும்பாலும் அதற்கு பிஓஇ என்கிற வேறு எண்ணெய். பிஏஜி கலந்தால் மின்காப்பு கெட்டுவிடும்.

புதியதைப் போட்டபின் வண்டி கழுவும் கடையில் உயரழுத்தத் தண்ணீரை கிரில்லுக்குள் பாய்ச்ச விடாதே, கண்டென்சரின் மெல்லிய துடுப்புத் தகடுகள் மடங்கிவிடும். வாரம் ஒருமுறை சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டு உப்பைக் கழுவு, போதும்.

கத்திரி தொடங்குமுன் முடித்துவிடு. பேரனோடு 600 கிலோமீட்டர் ஓட்டித் தூத்துக்குடி வரப் போகிறாய். பில்லில் கேஸின் எடையையும் வேக்யூம் வைத்த நேரத்தையும் எழுதித் தரச் சொல், பழைய கண்டென்சரைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வா. ஓட்டை எங்கே என்று நானும் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன். மெக்கானிக் ஏதாவது தகராறு செய்தால் போனை அவரிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா