குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: வெயிலும் நம் வீட்டு வாயில்லா ஜீவன்களும்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, குடிநீர் வரும் நேரம் எல்லாவற்றையும் வழக்கம்போல் பேசினோம், பாதி முடிந்திருக்கிறது. செயற்குழுவில் அதிகம் சத்தம் எழுந்தது கோடையில் நாய், பூனை விஷயத்தில்தான். அதனால் என் அறிக்கையும் பெரும்பாலும் அதுதான்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே 4 அன்று அக்னி நட்சத்திரம் தொடங்குமுன்பே சதம் அடித்துவிட்டது. அந்த வாரங்களில் நம் நகரில் இரண்டு நாய்கள் சுருண்டு விழுந்தன. அதில் ஒன்று என் வீட்டு நாய். "செயலாளர் வீட்டிலேயே இப்படியா?" என்று சிலர் கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான்.

காலை எட்டு மணிக்கு வேப்பமர நிழல் விழுந்த இடமாகப் பார்த்து, கேட் கம்பியில் கட்டி, தட்டு நிறையத் தண்ணீரும் வைத்துவிட்டு வெளியே போனேன். திரும்பும்போது பன்னிரண்டு. நிழல் மரத்தடிக்குச் சுருங்கியிருந்தது. கயிறு அதுவரை எட்டவில்லை, இரண்டு முழம் குறைந்தது. தட்டு கவிழ்ந்து கிடந்தது. நாக்கு செக்கச்செவேலென்று தொங்க, எச்சில் நூலாக வடிய, எழ முடியாமல் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்ற, நான் டேபிள் ஃபேனை வாசலுக்கு இழுத்து வந்தேன். ஈரத்துணியைப் போர்த்தப் போனபோது கால்நடை மருத்துவர் போனிலேயே தடுத்தார்: துணி சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துவிடுமாம். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றும் சொன்னார். கொண்டுபோய்ப் பார்த்தபோது உடல்சூடு 106 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரைதான் இயல்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. இப்போது பகலில் கட்டுவதே இல்லை.

அதன் பிறகு வீடு வீடாக ஒரு நோட்டீஸ் கொடுத்தோம். தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயையும் நடக்க வைக்காதீர்கள் என்பதுதான் முதல் வரி. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது; மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அதுவும் சரியாக வராது. பூனை வாயைத் திறந்து இரைத்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். பொமரேனியனுக்கு மொட்டை அடித்த உறுப்பினருக்குத் தனியாகவே சொன்னோம்: அந்த முடி வெயிலையும் தடுக்கிறது, சிக்கெடுத்துச் சீவிவிட்டாலே போதும். அப்புறம் மோர். கொடுக்கலாம், ஆனால் நமக்குக் கலக்கியதை அப்படியே ஊற்றாதீர்கள். வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் விஷம்.

தெரு நாய்களுக்காக முதலில் எவர்சில்வர் பேசின் வாங்கினோம். அது என் யோசனை, தப்பான யோசனை. பதினொரு மணிக்கே வெந்நீர். பிறகு சிமென்ட் தொட்டிகளாக மாற்றினோம். அதில் கொசுப்புழு இருப்பதை மாநகராட்சிப் பணியாளர்கள் காட்டினார்கள். அவர்கள் சொன்னது நியாயம். இப்போது முறை வைத்துத் தினமும் கவிழ்த்து, தேய்த்து நிரப்புகிறோம். மூன்றாவது தெருவில் மட்டும் முறை அடிக்கடி தவறுகிறது.

"சங்கத்துக்கு எதற்கு நாய் வேலை?" என்று கேட்டவர்களுக்கு: 2023-இல் வந்த மத்திய அரசின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெரு நாய்களுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்குவது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. குழந்தைகள் விளையாடும் இடத்தையும் படிக்கட்டையும் விட்டுத் தள்ளித்தான் ஒதுக்க வேண்டும். பூங்கா வாசலில் இருந்த தொட்டியை அதனால்தான் நகர்த்தினோம்.

வரும் கோடைக்கு இன்னும் நான்கு தொட்டிகள் வேண்டும், மூன்றாவது தெருவுக்கு ஓர் ஆளும் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். அடுத்து வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.